ஓமர் எண்ணும் 49 நாட்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேவியராகமம் 23ஆம் அதிகாரத்தை யாரோடு உட்கார்ந்து படித்தாலும் பதினைந்தாம் வசனத்தில் பேச்சு நின்றுவிடுகிறது. ஏழு வாரங்களை எண்ணு என்று அங்கே எழுதியிருக்கிறது. யூதர்கள் இன்றைக்கும் நிஜமாகவே எண்ணுகிறார்களா என்று கேட்கிறார்கள். எண்ணுகிறார்கள், ஒவ்வொரு இரவும், வாய்விட்டு. அதைச் சொன்னதும் அடுத்தடுத்து வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் உள்ள பதில்கள் சில முன்னால் சொன்னதை வைத்துத்தான் பேசுகின்றன.

ஓமர்னா என்ன? பண்டிகையா, யாரோட பேராவதா?

இரண்டும் இல்லை, அது ஒரு அளவு. வனாந்தரத்தில் மன்னா பொறுக்கும்போது ஆளுக்கு ஒரு ஓமர் எடுக்கச் சொன்னதாக யாத்திராகமத்தில் வருகிறதே, அதே ஓமர்தான். இன்றைய கணக்கில் இரண்டு லிட்டருக்குச் சற்று மேல். எருசலேமில் ஆலயம் இருந்த காலத்தில், எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானதைக் கொண்டாடும் பஸ்காவின் இரண்டாம் நாளான, யூத நாட்காட்டியில் நிசான் மாதம் 16 அன்று, புது விளைச்சலிலிருந்து ஒரு ஓமர் வாற்கோதுமையைக் காணிக்கையாகக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்னால் புதுத் தானியத்தை யாரும் வாயில் வைக்கக் கூடாது. அன்று தொடங்கி 49 நாள் எண்ணி முடித்தால் ஐம்பதாம் நாள் ஷவுவோத், அதாவது வாரங்களின் பண்டிகை. கிறிஸ்தவர்களின் பெந்தெகொஸ்தேயும் இந்த ஐம்பதிலிருந்து வந்ததுதான்.

கி.பி. 70இல் ரோமர்கள் ஆலயத்தை அழித்ததோடு காணிக்கை நின்றுபோனது. எண்ணிக்கை மட்டும் நிற்கவில்லை. இது இன்றைக்கும் தோராவின், அதாவது மோசேயின் ஐந்து ஆகமங்களின், நேரடிக் கட்டளையே என்பது 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸின் கருத்து. ஆலயத்தின் நினைவாக ரபிகள், அதாவது யூதச் சமய ஆசான்கள், காத்துவரும் கடமை என்பது மற்றப் பலரின் கருத்து. எப்படியானாலும் எண்ண வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. 2026ஆம் ஆண்டைப் பார்த்தால், முதல் எண்ணிக்கை ஏப்ரல் 2 இரவு, கடைசி எண்ணிக்கை மே 20 இரவு, மே 21 பொழுது சாய்ந்ததும் ஷவுவோத்.

எப்படி எண்ணுவாங்க? பெரிய சடங்கா?

ஒரு நிமிடம்கூட ஆகாது. யூத நாள் மாலையில் தொடங்குவதால், நன்றாக இருட்டி நட்சத்திரம் தெரிந்த பிறகு எழுந்து நின்று, ஓமரை எண்ணக் கட்டளையிட்டவருக்கு ஸ்தோத்திரம் என்று ஆசீர்வாதம் சொல்வார்கள். உடனே எண்ணிக்கை. ஒன்பதாம் இரவு என்றால், "இன்று ஒன்பது நாட்கள், அதாவது ஓமரில் ஒரு வாரமும் இரண்டு நாட்களும்" என்பார்கள். நாளையும் சொல்ல வேண்டும், வாரத்தையும் சொல்ல வேண்டும். அதன்பின் ஆலய ஆராதனை திரும்ப வேண்டும் என்று ஒரு சிறு வேண்டுதல். பலர் 67ஆம் சங்கீதத்தையும் சேர்த்துச் சொல்கிறார்கள். தலைப்பை விட்டுவிட்டுப் பார்த்தால் அது எபிரெயத்தில் ஏழு வசனம், 49 சொற்கள்.

எண்ணிக்கை தவறாமலிருக்க வீட்டில் ஏதாவது ஒன்று வைத்திருப்பார்கள். பழைய குடும்பங்களில் இதற்கென்றே ஒரு மரப்பெட்டி இருக்கும். உள்ளே தோல் சுருள், பக்கத்தில் திருகுக் குமிழ், முகப்பில் சின்னச் சின்ன ஜன்னல்கள். மொத்த நாள், வாரம், மிச்ச நாள் ஆகியவை அதில் தெரியும். இரவில் எண்ணி முடித்ததும் குழந்தைகள்தான் ஓடிப்போய்த் திருகுவார்கள். இப்போது பலருக்குக் கைபேசியே நினைவூட்டிவிடுகிறது.

பண்டிகைக்கு இன்னும் எத்தனை நாள்னு குறைச்சுக்கிட்டே வரதுதானே வழக்கம்? இவங்க ஏன் கூட்டிக்கிட்டே போறாங்க?

இந்தக் கேள்விக்கு 13ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் எழுதப்பட்ட 'செஃபர் ஹாஹினுஹ்' என்ற நூலிலேயே பதில் இருக்கிறது. எகிப்திலிருந்து புறப்பட்டதே சீனாய் மலையில் தோராவைப் பெறுவதற்காகத்தான். ஷவுவோத் அந்த நாள். அதை அடைய வேண்டும் என்ற ஏக்கத்தைக் காட்டுவதற்காக எண்ணுகிறோம். தொடக்கத்திலேயே "இன்னும் 49 நாள் இருக்கிறது" என்று சொன்னால் ஏங்குகிறவனுக்கு மனம் சோர்ந்துவிடும். அதனால் கடந்துவந்ததைச் சொல்லிக்கொண்டே போகிறோம் என்கிறது அந்த நூல்.

இன்னொரு காரணமும் எனக்குச் சரியாகப் படுகிறது. அடிமைக்குத் தன் நாள் தன்னுடையது இல்லை. இன்று எத்தனையாவது நாள் என்று தெரிந்து அவன் என்ன செய்யப்போகிறான்? விடுதலை கிடைத்த மறுநாளே எண்ணத் தொடங்கு என்று சொல்வது, இனி ஒவ்வொரு நாளுக்கும் நீதான் பொறுப்பு என்று சொல்வதுதான்.

சரி, இதுல தியானம் எங்க வருது? நாள் நம்பரைச் சொன்னா முடிஞ்சுபோச்சே?

வேதத்தில் எண்ணு என்பது மட்டும்தான் இருக்கிறது. மற்றது பிறகு சேர்ந்து வளர்ந்தது. காணிக்கையிலேயே ஒரு குறிப்பு உண்டு. தொடக்கத்தில் கொண்டுவருவது வாற்கோதுமை, அது மாட்டுத் தீவனம் என்கிறது ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த தல்மூத். ஐம்பதாம் நாளில் கொண்டுவருவது கோதுமை மாவில் புளிக்கவைத்துச் சுட்ட இரண்டு அப்பங்கள், மனிதர் சாப்பிடுவது. இடையிலுள்ள ஏழு வாரமும் மனிதன் தன்னைப் பக்குவப்படுத்திக்கொள்ளும் காலம் என்று பின்வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

16ஆம் நூற்றாண்டில் கலிலேயாவின் சஃபேத் ஊரில் ரபி இசாக் லூரியாவைச் சுற்றி வளர்ந்த கபாலா என்ற யூத மறைஞான மரபு இதற்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்தது. கடவுள் உலகத்தோடு உறவாடும் பத்துப் பண்புகளில் கீழுள்ள ஏழு பண்புகளை எடுத்து, வாரத்துக்கு ஒன்றாக வைத்தார்கள். ஒவ்வொரு பண்புக்கும் வேதத்தில் ஒரு முகம் உண்டு. அன்பாகிய ஹெசெதுக்கு ஆபிரகாம். கண்டிப்பும் கட்டுப்பாடுமான கெவுராவுக்கு ஈசாக்கு. இரண்டையும் சமன்படுத்தும் அழகான திஃபெரெதுக்கு யாக்கோபு. விடாமுயற்சியான நெட்சாவுக்கு மோசே. பணிவும் நன்றியும் கலந்த ஹோதுக்கு ஆரோன். பிணைப்பும் உறுதியுமான யெசோதுக்கு யோசேப்பு. பொறுப்போடு ஆளும் மல்குத்துக்கு தாவீது. வாரத்தின் ஏழு நாட்களிலும் அதே ஏழு பண்புகள் அதே வரிசையில் திரும்ப வரும். ஏழுக்கு ஏழு, 49. அந்தந்த இரவுக்குரிய ஜோடி பல ஜெபப் புத்தகங்களில் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும். அந்தப் பண்பில் நான் கெடுத்துவைத்தது சீராகட்டும் என்று வேண்டிக்கொள்வார்கள்.

கேக்க வாய்ப்பாடு மாதிரி இருக்கு. ஒரே ஒரு நாளை எடுத்து என்ன யோசிப்பாங்கனு காட்டுங்களேன்.

ஒரு நாளைவிட ஒரு ஜோடியை எடுத்தால் நன்றாகப் புரியும். இரண்டாம் நாள், அன்பின் வாரத்தில் கட்டுப்பாடு. எட்டாம் நாள், கட்டுப்பாட்டின் வாரத்தில் அன்பு. காகிதத்தில் இரண்டும் ஒன்றுதான், இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. வாழ்க்கையில் அவை ஒன்றல்ல.

மகள் கணக்குப் பாடம் செய்கிறாள், மூன்றாவது வரியில் தப்புப் போட்டுவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்குக் கை துறுதுறுக்கிறது, பென்சிலை வாங்கித் தானே போட்டுக்கொடுத்துவிடலாம் என்று. அன்புதான் அப்படித் தூண்டுகிறது. ஆனால் அவள் தானாகக் கண்டுபிடிக்கும்வரை கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அன்றைக்கு அன்பு. இரண்டாம் நாளில் கேட்டுக்கொள்ள வேண்டியது: என் பாசம் யாரையாவது மூச்சுமுட்ட வைக்கிறதா? எட்டாம் நாளில் அதே அப்பா, அதே மேசை. இந்த முறை மகள் பொய் சொல்லிவிட்டாள், கண்டித்தே ஆக வேண்டும். கண்டிக்கும்போது குரலில் இருப்பது அவள் மேலுள்ள அக்கறையா, அன்று அலுவலகத்தில் பட்ட அவமானமா? இது எட்டாம் நாளின் கேள்வி. சிலர் இரவில் எண்ணியதும் இப்படி ஒரு கேள்வியை நோட்டில் எழுதி வைத்துவிட்டு, மறுநாள் மாலை அதன்கீழ் ஒரு வரி எழுதுகிறார்கள். ஒரு வரிக்கு மேல் வேண்டியதில்லை.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். இந்த 49 ஜோடிகளையும் தனியறையில் உட்கார்ந்து தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் பயிற்சியாக மட்டும் வைத்துக்கொண்டால் பாதிதான் கிடைக்கும். அன்பு, கண்டிப்பு, நன்றி, பிணைப்பு எல்லாமே எதிரே இன்னொருவர் இருந்தால்தான் அர்த்தப்படும். அன்றைய பண்பு யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்று ஒரு பெயரையாவது நினைத்துக்கொள்வது நல்லது.

எனக்குக் கபாலா எல்லாம் ஒத்துவராது. வேற வழி இருக்கா?

இருக்கிறது, கபாலாவுக்கு முந்தியதே இருக்கிறது. ரபிகளின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் 'பிர்கே ஆவோத்' என்று ஒரு பகுதி உண்டு. முழுக்க முழுக்க முன்னோரின் அறவுரைகள். பஸ்காவுக்கும் ஷவுவோத்துக்கும் இடைப்பட்ட ஒவ்வொரு ஓய்வுநாள் பிற்பகலிலும் ஓர் அதிகாரம் என்று ஆறு அதிகாரங்களைப் படிப்பது பழைய வழக்கம். ஆறாம் அதிகாரத்தில், தோரா ஒருவருக்குச் சொந்தமாவதற்கான 48 வழிகள் வரிசையாக வருகின்றன. காது கொடுத்துக் கேட்பது, தோழரோடு சேர்ந்து படிப்பது, குறைவாகத் தூங்குவது, அடுத்தவர் பாரத்தில் தோள் கொடுப்பது, கேட்டதை யார் சொன்னார் என்று அவர் பெயரோடு சொல்வது என்று எல்லாம் கைக்கெட்டுகிற காரியங்கள். நாளுக்கொன்றாக 48ஐயும் எடுத்துக்கொண்டு, 49ஆம் நாளில் மொத்தத்தையும் திரும்பிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

விடுதலையைக் கொண்டாடுற காலம்னு சொல்றீங்க. அப்புறம் ஏன் கல்யாணம் கிடையாது, முடி வெட்டக் கூடாதுன்னு துக்கம் அனுசரிக்கறாங்க?

இரண்டாம் நூற்றாண்டின் பெரிய ஆசானான ரபி அகிவாவின் மாணவர்களால். அவருக்கு 12,000 ஜோடி, அதாவது 24,000 மாணவர்கள் இருந்ததாகவும், அத்தனை பேரும் பஸ்காவுக்கும் ஷவுவோத்துக்கும் நடுவில் ஒரே காலத்தில் இறந்துபோனதாகவும் தல்மூதில் யெவாமோத் 62ஆம் ஏடு சொல்கிறது. காரணம் என்று அது சொல்வது ஒன்றே ஒன்று. அவர்கள் ஒருவருக்கொருவர் மரியாதை கொடுக்கவில்லை. ரோமருக்கு எதிராக 132 முதல் 135 வரை நடந்த பர் கோக்பா கிளர்ச்சியில் அவர்கள் மடிந்திருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. பிறகு 1096இல் முதல் சிலுவைப் போரின்போது ரைன் நதிக்கரை யூதர்கள் கொல்லப்பட்டதும் இதே மாதங்களில்தான். அந்தத் துக்கமும் ஐரோப்பிய யூதர்களிடம் இதோடு சேர்ந்துகொண்டது.

உன்னைப்போல் பிறனையும் நேசி என்பதுதான் தோராவின் பெரிய விதி என்று சொன்னவர் இதே ரபி அகிவா. அவர் காலடியில் படித்தவர்களே ஒருவரையொருவர் மதிக்கவில்லை என்று மரபு மறைக்காமல் சொல்லிவைத்திருக்கிறது. முந்தைய பதில்களில் பண்பு இன்னொருவரிடம் போய்ச் சேர வேண்டும் என்று நான் வலியுறுத்தியது இதனால்தான். அவர்கள் படிப்பில் குறைந்தவர்கள் என்று எங்கும் எழுதவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனைப் பார்க்கத் தவறியதைத்தான் தல்மூத் எழுதிவைத்திருக்கிறது.

33ஆம் நாள் மட்டும் நெருப்பு மூட்டி ஆடிப்பாடறாங்களே?

அது லாக் பாஓமர், ஈயார் மாதம் 18ஆம் தேதி. மாணவர்களின் சாவு அன்று நின்றது என்பது ஒரு மரபு. எல்லாரையும் இழந்த பிறகு ரபி அகிவா தெற்கே போய் ஐந்து பேருக்கு மறுபடி கற்பிக்கத் தொடங்கினார். அவர்களில் ஒருவரான ரபி ஷிமோன் பர் யோஹாய் மறைந்த நாளும் இதுவே என்பது இன்னொரு மரபு. வட இஸ்ரேலில் அவருடைய சமாதி இருக்கும் மெரோன் மலையில் லட்சக்கணக்கானோர் கூடுவார்கள், தீ வளர்ப்பார்கள், மூன்று வயது ஆண் குழந்தைகளுக்கு முதல் முடி வெட்டுவார்கள். 2021இல் அங்கே நெரிசலில் 45 பேர் இறந்தார்கள்.

மேலே சொன்ன கணக்கில் அன்றைய ஜோடி பணிவுக்குள் பணிவு. துக்க விதிகள் அன்றோடு முடிவதும் மறுநாள் முடிவதும் ஒரு நாள் மட்டும் தளர்வதும் சமூகத்துக்குச் சமூகம் மாறும்.

ஒரு நாள் மறந்துட்டா எல்லாம் போச்சா?

இரவில் மறந்துவிட்டால் மறுநாள் பகலில், சூரியன் மறைவதற்குள், ஆசீர்வாதம் இல்லாமல் எண்ணிக்கொள்ளலாம். அன்றிரவு முதல் வழக்கம்போல ஆசீர்வாதத்தோடு தொடரலாம். இரவும் பகலும் சேர்த்து முழு நாளும் தவறிவிட்டால், மிச்ச நாட்களை ஆசீர்வாதம் இல்லாமல் எண்ண வேண்டும். இது 16ஆம் நூற்றாண்டில் யோசேஃப் காரோ தொகுத்த 'ஷுல்ஹான் ஆரூஹ்' சட்டநூல் சொல்லும் வழி.

இதற்குப் பின்னால் ஒரு பழைய விவாதம் இருக்கிறது. ஏழு வாரங்கள் "நிறைவாக" இருக்க வேண்டும் என்று வசனம் சொல்வதால் 49ம் சேர்ந்து ஒரே கட்டளை, ஒன்று போனால் முழுமை போயிற்று என்றார்கள் சிலர். ஒவ்வொரு இரவும் தனித்தனிக் கட்டளை, நேற்றைய மறதி இன்றைக்குத் தடையில்லை என்றார்கள் மற்றவர்கள். சட்டம் இரண்டையும் மதிக்கிறது. முதல் தரப்புக்காக ஆசீர்வாதத்தை விட்டுவிடுகிறோம், இரண்டாம் தரப்புக்காக எண்ணுவதை விடாமல் தொடர்கிறோம். ஆசீர்வாதத்தை இன்னொருவர் சொல்லக் கேட்டு ஆமென் சொல்லிவிட்டு எண்ணலாம். நேற்று எண்ணினேனா இல்லையா என்று சந்தேகம் மட்டும்தான் என்றால் ஆசீர்வாதத்தோடே தொடரலாம்.

தவறவிட்ட பிறகு சலித்துப்போய் விட்டுவிடுகிறவர்கள் நிறைய. எகிப்தைவிட்டு வந்த மறுவருடம், தீட்டுப்பட்டிருந்ததால் பஸ்காவை ஆசரிக்க முடியாமல் போனவர்கள் மோசேயிடம் வந்து முறையிட்டார்கள். அவர்களுக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாம் பஸ்கா கொடுக்கப்பட்டது என்று எண்ணாகமம் 9இல் படிக்கிறோம். அந்த ஈயார் 14ஆம் தேதி சரியாக ஓமரின் 29ஆம் நாளில் வருகிறது. விட்டவர்கள் அந்த நாளிலாவது மறுபடி தொடங்கலாம்.

இன்னிக்கு எத்தனையாவது நாள்னு ஒரு யூத நண்பர்கிட்ட கேட்டேன். "நேத்து பதினாலு"ன்னு சொன்னார். ஏன் சுத்தி வளைக்கணும்?

அவர் இன்னும் எண்ணியிருக்கவில்லை. பொழுது சாய்ந்த பிறகு "இன்று பதினைந்து" என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டால் அதுவே எண்ணியதாகிவிடும், பிறகு ஆசீர்வாதத்தோடு எண்ண முடியாது. அதனால்தான் நேற்றைய கணக்கைச் சொல்லியிருக்கிறார். வாயால் சொல்லும் ஒரு வாக்கியத்துக்கு இவ்வளவு கனம் கொடுக்கிறார்கள்.

"ஓய்வுநாளின் மறுநாள்"னு தானே வசனத்துல இருக்கு? அப்படின்னா ஞாயித்துக்கிழமைதானே ஆரம்பிக்கணும்?

ஆலய காலத்திலேயே இதை வைத்துப் பெரிய சண்டை நடந்தது. இங்கே ஓய்வுநாள் என்பது பஸ்காவின் முதல் நாள் என்றார்கள் ரபிகள். இல்லை, சனிக்கிழமைதான் என்றார்கள் ரபிகளோடு முரண்பட்ட போயேத்தோஸ் என்ற பிரிவினர். அதனால் தங்கள் கணக்கே சரி என்று காட்ட, ரபிகள் தரப்பினர் ஓமருக்கான கதிர் அறுப்பதையே ஊரறியச் செய்தார்கள் என்கிறது மிஷ்னா. அறுக்கிறவர் கூட்டத்தைப் பார்த்து, சூரியன் மறைந்ததா என்று கேட்பார், ஆம் என்பார்கள். இந்த அரிவாளா என்பார், ஆம். இந்தக் கூடையா, ஆம். அறுக்கட்டுமா, அறு. ஒவ்வொன்றையும் மூன்று முறை கேட்பார்.

ரபிகளின் மரபை ஏற்காமல் வேதத்தை மட்டும் ஏற்கும் யூதர்களான கராயித்துகள் இன்றும் பஸ்கா வாரத்து ஞாயிறு முதல் எண்ணுகிறார்கள், அவர்களுக்கு ஷவுவோத் எப்போதும் ஞாயிறுதான். சமாரியர்களும் அப்படியே. எத்தியோப்பிய யூதர்களின் பழைய வழக்கம் புளிப்பில்லாத அப்பப் பண்டிகை முழுவதும் முடிந்த மறுநாள் தொடங்குவது.

நடுவுல விமானம் ஏறி சர்வதேசத் தேதிக் கோட்டைத் தாண்டிட்டா?

சிட்னியில் செவ்வாய் மாலை பத்தாம் நாளை எண்ணிவிட்டு லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் பறந்தால், அங்கே இறங்கும்போதும் செவ்வாய்தான். அன்றிரவு ஊர்க்காரர்கள் பத்து என்கிறார்கள். பயணிக்கு அது பதினொன்று. லுபாவிச் என்ற ஹசிதிய யூத இயக்கத்தின் தலைவராக (ரெபே) இருந்த மெனாஹெம் மெண்டல் ஷ்னேயர்சன், எண்ணிக்கை ஒவ்வொருவருடைய சொந்தக் கணக்கு, அவர் பதினொன்றுதான் சொல்ல வேண்டும், அவருடைய ஷவுவோத்தும் ஒரு நாள் முன்னதாகவே வரும் என்றார். வேறு ரபிகள் போய்ச் சேர்ந்த ஊரின் கணக்கோடு சேர்ந்துகொள்ளச் சொல்கிறார்கள். இந்தச் சிக்கலுக்குப் பயந்தே பலர் அந்த ஏழு வாரங்களில் அப்படிப்பட்ட பயணத்தைத் தவிர்க்கிறார்கள்.

ஐம்பதுன்னு சொல்லிட்டு ஏன் 49ல நிறுத்தறாங்க? அன்னிக்கு என்ன நடக்கும்?

ஐம்பதுவரை என்றால் ஐம்பதுக்கு முன்வரை என்று ரபிகள் பொருள் கொண்டார்கள். எண்ணுவது 49, ஐம்பதாவது பண்டிகை. நாட்கள் "நிறைவாக" இருக்க வேண்டும் என்று பார்த்தோமே, அதற்காக அன்று மாலை ஜெபத்தைக்கூட அவசரப்பட்டுத் தொடங்காமல் முழுதாக இருட்டும்வரை காத்திருக்கிறார்கள். இரவு முழுக்கக் கண்விழித்துத் தோரா படிப்பது சஃபேத் காலத்திலிருந்து பரவிய வழக்கம். காலையில் பத்துக் கட்டளைகள் வாசிக்கப்படும். பலர் பால் உணவு சாப்பிடுவார்கள்.

பல சபைகளில் அன்று ரூத் புத்தகமும் வாசிக்கிறார்கள். பெத்லகேமில் வாற்கோதுமை அறுப்புத் தொடங்கும்போது ரூத் வருகிறாள், கோதுமை அறுப்பு முடியும்வரை போவாஸின் வயலில் கதிர் பொறுக்குகிறாள். ஓமரின் ஏழு வாரமும் அந்தக் கதைக்குள் இருக்கிறது. இந்தப் புத்தகத்தில் சுத்தம் தீட்டு பற்றிய சட்டம் எதுவும் இல்லையே, ஏன் எழுதப்பட்டது என்று ரபிகளின் பழைய வேத விளக்கமான மித்ராஷ் கேட்கிறது. ஹெசெத் செய்கிறவர்களுக்கு எவ்வளவு நல்ல பலன் என்று காட்டவே என்று பதிலும் சொல்கிறது.

நான் யூதர் இல்லை. தமிழ்ல எண்ணிப் பார்க்கலாமா?

மொழி தடையே இல்லை. யூதர்களுக்கே, புரிகிற எந்த மொழியிலும் எண்ணலாம் என்பதுதான் சட்டம். எபிரெயத்தில் சொல்லி எண் எதுவென்று புரியவில்லை என்றால்தான் எண்ணியதாகாது. ஆனால் ஆசீர்வாதம் வேறு விஷயம். அதில் "எங்களுக்குக் கட்டளையிட்ட" என்று வருகிறது. அந்தக் கட்டளை யாருக்குக் கொடுக்கப்பட்டதோ அவர்களிடமே அந்த வாக்கியத்தை விட்டுவிடுவது அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை என்று நினைக்கிறேன். ஒன்பதாம் கேள்வியில் சொன்ன மறதி விதிகளும் உங்களைக் கட்டுப்படுத்தாது.

மற்றபடி, இரவில் நாளைச் சொல்லி, பிர்கே ஆவோத்தின் 48இல் ஒன்றை எடுத்து, மறுநாள் அதை யாரிடம் செய்து பார்ப்பது என்று யோசிக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். முதல் வருடம் 49ஐயும் பிடிக்க முடியவில்லை என்றால் ஒரு வாரம் மட்டும் செய்யுங்கள். முடிவில் ரூத்தின் நான்கு அதிகாரங்களையும் ஒரே மூச்சில் படியுங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது.